பழைய தமிழ்ப் படத்தைத் தேட எங்கே போவது: தரமணியா, எழும்பூரா, புனேயா, இணையமா?

கீசகவதம் எந்த ஆண்டில் வந்தது? தென்னிந்தியாவின் முதல் கதைப்படம் என்று நடராஜ முதலியாரின் அந்த மௌனப் படத்தைச் சொல்லாத சினிமா வரலாறு இல்லை. ஆனால் ஒருவர் 1916 என்கிறார், இன்னொருவர் 1917, வேறொருவர் 1918. ஒரு புத்தகத்தைப் பார்த்து அடுத்த புத்தகம் எழுதப்பட்டதால் மூன்று ஆண்டுகளும் சரிசமமாக உலவுகின்றன. அந்தக் காலத்துக் காகிதத்தைத் தொட்டுப் பார்த்தால் ஒழிய இப்படிப்பட்ட குழப்பம் தீராது.

தொட்டுப் பார்க்கக் கிளம்புகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான். கையில் நாலைந்து நாள் லீவு இருக்கிறது. ரோஜா முத்தையா நூலகத்துக்குப் போவதா, எழும்பூரில் உட்காருவதா, புனேவுக்கு ரயில் ஏறுவதா? இல்லை, எல்லாம்தான் இணையத்தில் வந்துவிட்டதே, வீட்டிலேயே முடித்துக்கொள்ளலாமா? 1960க்கு முந்தைய தமிழ்ப் படங்களை மனத்தில் வைத்து இந்த ஒப்பீடு. பிற்காலப் படங்களுக்குப் புத்தகமும் பேட்டியும் ஏராளம்; அங்கே சிக்கல் வேறு.

## எதை வைத்து எடை போடுவது

அந்தக் காகிதம் யாருக்காக, எப்போது உருவானது? மற்ற அளவுகோல்களைவிட இது முக்கியம். பாட்டுப் புத்தகம் கொட்டகை வாசலில் விற்பதற்காக, படம் வெளிவரும் முன்பே அச்சானது. தினசரியின் விளம்பரம் அன்று எந்தக் கொட்டகையில் எது ஓடியது என்று சொல்லும். அரசுக் கோப்பு, யாராவது புகார் செய்தாலோ தடை கேட்டாலோ மட்டுமே பிறக்கும். வம்பில் சிக்காத படத்துக்குக் கோப்பே இருக்காது. பிரிண்ட், அதாவது கொட்டகையில் ஓட்டிய படச்சுருளின் பிரதி, தற்செயலாக மிஞ்சியது. உங்கள் கேள்வி எந்தக் காகிதத்தின் வேலையோ, அந்தக் காகிதம் இருக்கும் இடத்துக்குத்தான் போக வேண்டும். நூலகத்தின் பெயரைக் கேட்டுப் போனால் நாள்தான் வீணாகும்.

உள்ளே போவது எவ்வளவு சுலபம்? அடையாள அட்டை போதுமா, கல்லூரியின் கடிதம் வேண்டுமா, முன்பதிவு உண்டா.

எப்படித் தேடுவது? கேட்டலாக்கில் படத்தின் பெயரைத் தட்டினால் வருமா, ஆண்டு வாரியாகப் புரட்ட வேண்டுமா.

நகல் கிடைக்குமா? செல்போனில் படம் எடுக்கலாமா, கட்டணம் கட்டி ஸ்கேன் வாங்க வேண்டுமா, கையால் எழுதிக்கொள்ளத்தான் முடியுமா. இதைத் தெரிந்துகொள்ளாமல் போகிறவர்களின் திட்டம்தான் பாதியில் நிற்கிறது. கையால் எழுதினால் ஒரு நாளைக்கு முடிவது, படம் எடுத்தால் ஒரு மணியில் முடிந்துவிடும்.

| இடம் | எதற்கு நம்பலாம் | எதற்குப் போகக் கூடாது | கண்ணில் படாத செலவு |
|---|---|---|---|
| ரோஜா முத்தையா, தரமணி | பாட்டுப் புத்தகம், இதழ்கள், நோட்டீஸ் | படம் பார்க்க | ஸ்கேன் கட்டணம், மைக்ரோஃபிலிம் (பக்கங்களைச் சிறிதாகப் படமெடுத்த சுருள்) பார்க்கும் நேரம் |
| கன்னிமாரா பொது நூலகம், எழும்பூர் | தினசரி, 1954க்குப் பிந்தைய அச்சு | அபூர்வ இதழ்களின் முழுத் தொகுதி | விடுபட்ட மாதங்கள் |
| தமிழ்நாடு ஆவணக் காப்பகம், எழும்பூர் | தணிக்கை, தடை, உரிமம் | சாதாரணப் படத்தின் கதை, நடிகர் | அனுமதிக்கும் கோப்புக்கும் காத்திருப்பு |
| தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம், புனே | பிரிண்ட், ஸ்டில், திரைக்கதை | வெளியான தேதி | பயணம், தங்கல், பார்வைக் கட்டணம் |
| இணையம் | முதல் கட்டத் தேடல் | ‘இல்லை’ என்று முடிவு கட்ட | பிழையான எழுத்துணர்வு (ஸ்கேன் செய்த பக்கத்தைக் கணினி எழுத்தாக வாசிப்பது) |

## ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம்

காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் வாழ்நாளெல்லாம் சேர்த்த நூல்களும் துண்டுக் காகிதங்களும்தான் இதன் அடித்தளம். 1992இல் அவர் மறைந்த பின் சிகாகோ பல்கலைக்கழகம் அவற்றை வாங்கியது. 1994இல் சென்னையில் நூலகம் உருவானது. பல்கலைக்கழக நூலகங்கள் குப்பை என்று ஒதுக்கிய நாடக நோட்டீஸ், சினிமாப் பாட்டுப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை எல்லாவற்றையும் அவர் எடுத்து வைத்தார். சினிமாக்காரர்களுக்கு இந்த நூலகம் முதல் நிறுத்தமாக ஆனது அதனால்தான்.

பாட்டுப் புத்தகத்தில் மூன்று சங்கதி இருக்கும்: நடிகர்கள், தொழில்நுட்பக் கலைஞர்கள் பட்டியல், ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று பாதியில் நிற்கும் கதைச் சுருக்கம், பாடல் வரிகள். பிரிண்ட் அழிந்த படத்துக்குப் பெரும்பாலும் இந்தச் சில பக்கங்களே மிச்சம். ஆனால் புத்தகத்தில் ஆண்டு பெரும்பாலும் இருக்காது. 1867ஆம் ஆண்டின் அச்சகச் சட்டம் அச்சிட்டவர் பெயரையும் ஊரையும் போடச் சொன்னது; ஆண்டைப் போடச் சொல்லவில்லை. அச்சகங்களும் சட்டம் கேட்டதற்கு மேல் போடவில்லை.

ஆண்டைக் கணிக்க வழிகள் உண்டு. விலை அணாவில் இருந்தால், அநேகமாக 1957 ஏப்ரலுக்கு முந்தையது. ‘ந.பை.’ என்று நயா பைசாவில் இருந்தால் 1957க்கும் 1964க்கும் இடைப்பட்டது. விநியோகஸ்தர் முகவரியில் ஆறு இலக்க பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிந்தைய மறுவெளியீட்டுப் புத்தகம். தமிழ் ஆண்டு அச்சாகியிருந்தால் ஒரே ஆங்கில ஆண்டாக மாற்றிவிடாதீர்கள்: பிரமாதி என்பது 1939 ஏப்ரல் நடுவில் தொடங்கி 1940 ஏப்ரல் நடுவில் முடிகிறது, தை, மாசி, பங்குனி வந்தால் அது 1940. தாரண என்றால் இதே கணக்கில் 1944-45.

இனி, எங்கே ஏமாறுவோம் என்பது. படம் முடியும் முன்பே அச்சானதால், வெட்டப்பட்ட பாட்டும் புத்தகத்தில் இருக்கும். கடைசி நேரத்தில் சேர்த்த பாட்டு இருக்காது. பல புத்தகங்களில் பாட்டின் தலைப்பில் பாத்திரத்தின் பெயர்தான் உண்டு, குரல் கொடுத்தவர் பெயர் இல்லை. மறுவெளியீட்டின்போது வேறு விநியோகஸ்தர் புதிதாக அச்சிடுவார்; அதை முதல் வெளியீட்டுப் புத்தகம் என்று எடுத்துக்கொண்டால் பதிப்பகம், விநியோகம், ஆண்டு மூன்றும் தப்பாகும். ஒரே படத்துக்கு இரண்டு புத்தகம் கேட்டலாக்கில் தெரிந்தால் இரண்டையும் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

இதழ்கள் தேடுகிறவர்களுக்கும் இதுவே இடம். 1942இல் தொடங்கிய பேசும் படம், பி.ஆர்.எஸ். கோபாலின் குண்டூசி போன்ற சினிமா இதழ்கள், அவற்றுக்கும் முந்தைய முப்பதுகளின் சினிமா ஏடுகள், கூடவே ஆனந்த விகடன், கல்கியின் விமரிசனப் பக்கங்கள். எந்த ஆண்டு, எந்த மாதம் இருக்கிறது என்பதைக் கேட்டலாக்கில் பார்த்துவிட்டு, மின்னஞ்சலில் உறுதிசெய்து கொண்டு போங்கள். சினிமா இதழ்களின் சோறு ஸ்டூடியோ விளம்பரம். ஒரு படத்தின் முழுப்பக்க விளம்பரமும் புகழ்மாலையும் ஒரே இதழில் வந்தால் புகழ்மாலையைப் பாதி தள்ளுபடியில் வாங்குங்கள்.

மைக்ரோஃபிலிம் எடுக்கப்பட்ட நூலின் மூலப்பிரதியைச் சாதாரணமாகக் கையில் தர மாட்டார்கள், காகிதம் தாங்காது. சுருளைக் கருவியில் ஓட்டித்தான் படிக்க வேண்டும். ஒரு மணிக்கு ஒரு முறை எழுந்து நிற்காவிட்டால் கண்ணும் கழுத்தும் மறுநாள் வேலை செய்யாது.

இதுவே சரி: படம் அழிந்துவிட்டது, அல்லது பாடல், கதை, நடிகர் பட்டியல், அக்கால விமரிசனம் வேண்டும் என்றால்.

## கன்னிமாராவும் தினசரிகளும்

‘எப்போது வெளியானது, எத்தனை நாள் ஓடியது’ என்ற கேள்விக்குத் தினசரியைவிட நல்ல சாட்சி கிடையாது. 1896இல் திறந்த கன்னிமாரா, 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி நாட்டில் அச்சாகும் நூல்களின் படி வந்து சேரும் நான்கு நூலகங்களில் ஒன்று. தினசரிகள் 1956இல் அந்தச் சட்டத்தில் சேர்ந்தன. அதற்கு முந்தைய தொகுதிகளில் இடைவெளி இருக்கும். ஒரு மாதம் விடுபட்டிருந்தால் ரோஜா முத்தையாவின் மைக்ரோஃபிலிமிலும் விசாரியுங்கள். பைண்டு செய்த தினசரியின் விளிம்புகள் தொட்டாலே உதிரும். தாளின் மேல் முனையைப் பிடித்துத் திருப்புங்கள், நடுவிலிருந்து அல்ல.

ஹரிதாஸ் படத்தை எடுத்துக்கொள்வோம். 1944 தீபாவளிக்கு வந்து சென்னை பிராட்வே கொட்டகையில் மூன்று தீபாவளி கண்டது என்பது எல்லோரும் சொல்வது. எத்தனை வாரம் என்று கேட்டால் ஆளுக்கு ஓர் எண். சரிபார்க்க எல்லா நாளையும் புரட்ட வேண்டியதில்லை. வெளியான வாரத்திலிருந்து மாதத்துக்கு ஒரு நாள் வீதம் கொட்டகை விளம்பரப் பத்தியை மட்டும் பாருங்கள். படம் காணாமல் போகும் மாதம் வந்ததும் பின்னால் வந்து வாரம் வாரமாக, பிறகு நாள் நாளாக நெருங்குங்கள். இரண்டு வருஷத் தினசரி ஒரு பகலில் முடிந்துவிடும்.

பார்க்கும்போது மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு எத்தனை காட்சி: முழுநேரக் காட்சிகள் பகல் காட்சியாகச் சுருங்கிய பிறகும் வாரக்கணக்கு தொடர்ந்திருக்கலாம். கொட்டகை மாறியதா: வேறு கொட்டகைக்கு மாற்றி ஓட்டிய வாரங்களையும் சேர்த்துக் கூட்டியிருக்கலாம். எந்த ஊர்: பிரிண்டுகள் குறைவாக இருந்த காலத்தில் சென்னையிலும் மதுரையிலும் ஒரே நாளில் படம் வந்ததாக எடுத்துக்கொள்ள முடியாது. ‘வெளியான தேதி’ என்று எழுதும்போது ஊரையும் சேர்த்து எழுதினால் பிற்பாடு சண்டை இராது.

முதல் தமிழ்ப் பேசும் படமான காளிதாஸ் விஷயத்தில் தினசரியின் மதிப்பு இன்னும் கூடுகிறது. 1931 அக்டோபர் 31 அன்று சென்னை கினிமா சென்ட்ரலில் வெளியான அந்தப் படத்தின் பிரிண்ட் எதுவும் மிஞ்சவில்லை. கதாநாயகி டி.பி. ராஜலட்சுமி தமிழிலும் மற்றவர்கள் தெலுங்கிலும் பேசினார்கள் என்பது போன்ற செய்திகளை இன்று திரையில் சரிபார்க்க வழியில்லை. அக்காலத் தாள்களே துணை.

இதுவே சரி: தேதி, கொட்டகை, ஓட்டம், டிக்கெட் விலை, போட்டியாக அதே வாரம் வந்த படங்கள்.

## தமிழ்நாடு ஆவணக் காப்பகம்

எழும்பூர் ரயில் நிலையத்துக்கு எதிரே. கன்னிமாராவிலிருந்து நடந்தே போகலாம் என்பதால் இரண்டையும் ஒரே பயணத்தில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் முதல் நாளே உள்ளே போய் உட்கார்ந்துவிடலாம் என்று எண்ண வேண்டாம். ஆய்வு அனுமதி வேண்டும். அதற்குப் பல்கலைக்கழகத்தின் அல்லது நீங்கள் சார்ந்த நிறுவனத்தின் கடிதம் கேட்பார்கள். ஊரிலிருந்து வருகிறவர்கள் விண்ணப்பத்தை முன்னதாக அனுப்பிவிட்டு வருவது உத்தமம்.

1918ஆம் ஆண்டின் சினிமாட்டோகிராஃப் சட்டத்தின்படி 1920இல் சென்னையில் தணிக்கைக் குழு வந்தது. அதன் தலைமை போலீஸ் கமிஷனரிடம் இருந்தது. ஆகவே சினிமாவைத் தேடுகிறவர் ‘கலை’ என்ற தலைப்பில் தேடிப் பயனில்லை. பொது, சட்டம், உள்துறை ஆகிய துறைகளின் ஆண்டு அடைவுகளில், அதாவது கோப்புகளின் பொருள் அட்டவணைகளில், தேட வேண்டும். அடைவு ஆங்கிலத்தில். ‘ஃபிலிம்’ என்ற சொல்லின் கீழ் ஒன்றும் வராவிட்டால் ‘சினிமாட்டோகிராஃப்’, ‘பயாஸ்கோப்’, ‘சென்சார்’, கொட்டகை உரிமம் என்றால் ‘லைசென்ஸ்’, கொட்டகை இருந்த மாவட்டத்தின் பெயர் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். படத்தின் பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுத முடியுமோ அத்தனை விதமாகவும் தேடுங்கள்; தியாகபூமியை ஒரு சொல்லாகவும் இரண்டு சொல்லாகவும், ‘எச்’ போட்டும் போடாமலும் எழுதலாம். அரசாணை எண், துறை, நாள் மூன்றும் கிடைத்தால்தான் சீட்டு எழுதிக் கோப்பைக் கேட்க முடியும்.

சில வேளை அடைவில் பதிவு இருக்கும், கோப்பு இருக்காது. குறைந்த காலம் வைத்திருந்து அழிக்க வேண்டிய வகைக் கோப்புகள் முறைப்படியே அழிக்கப்பட்டன. இது ஊழியர்கள் தேடாததால் அல்ல. அவர்களிடம் கோபித்துக்கொண்டு பயனில்லை. அந்த அடைவு வரியையே சான்றாகக் குறித்துக்கொள்ளுங்கள். எந்த நாளில், எந்தத் துறையில் இந்தப் படம் பேச்சுக்கு வந்தது என்பதும் ஒரு செய்திதானே.

தியாகபூமிக்கு இங்கே வர வேண்டும். 1939இல் கே. சுப்ரமணியம் எடுத்த அந்தப் படம் வெளியான பின் தடை செய்யப்பட்டது. கல்கியின் கதை ஆனந்த விகடனில் படத்தின் ஸ்டில்களோடு தொடராக வந்தது. பத்திரிகைத் தொடர் ஒரு நூலகத்தில், அரசின் பக்கம் ஆவணக் காப்பகத்தில், பிரிண்ட் புனேயில். ஒரே படத்துக்கு மூன்று இடத்து அலைச்சல்.

இதுவே சரி: தடை, வெட்டு, புகார், கொட்டகை உரிமம், தேசிய இயக்கக் காலச் சினிமா அரசியல். மற்றக் கேள்விகளுக்கு இங்கே நாளைச் செலவிட வேண்டாம்.

## புனே

1964இல் தொடங்கிய தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம், அதன் காப்பாளராக இருந்த பி.கே. நாயரின் உழைப்பில் வளர்ந்தது. 2022இல் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைக்கப்பட்டது. பிரிண்டுகளோடு ஸ்டில், போஸ்டர், பாட்டுப் புத்தகம், திரைக்கதை, நூலகம் எல்லாம் உண்டு. சென்னையிலிருந்து ரயிலில் ஏறக்குறைய ஒரு முழு நாள். படம் பார்க்க முன் அனுமதி, நேரம் ஒதுக்கீடு, கட்டணம் எல்லாம் எழுத்து மூலம் முடித்த பின்னரே டிக்கெட் எடுங்கள். எந்தப் படம், எந்த வடிவத்தில் பார்க்கக் கிடைக்கும் என்று கேட்டுப் பதில் வாங்குங்கள். பட்டியலில் பெயர் இருப்பதும் பார்க்கத் தரும் நிலையில் இருப்பதும் ஒன்றல்ல. 1950களின் தொடக்கம் வரை புழங்கிய நைட்ரேட் சுருள் தானே சிதையும், எளிதில் தீப்பற்றும். அதை யாருக்கும் கருவியில் ஓட்டிக் காட்ட மாட்டார்கள்.

என்ன மிஞ்சும் என்பதில் நியாயம் கிடையாது. நாகர்கோவில் சுந்தர்ராஜ் தயாரித்த மார்த்தாண்ட வர்மா (1933) என்ற மௌனப் படம் இன்றைக்கு இருப்பதற்குக் காரணம், மூல நாவலின் பதிப்பாளர் தொடுத்த ஒரு பதிப்புரிமை வழக்கு. படம் முடங்கி, பிரிண்ட் அந்தப் பதிப்பாளரின் திருவனந்தபுரத்துப் புத்தகக் கடையிலேயே தங்கியதால் தப்பியது; 1974இல் காப்பகத்துக்கு வந்தது. வெற்றிகரமாக ஓடிய படங்களின் பிரிண்டோ ஓடி ஓடியே தேய்ந்தன.

பார்க்கும்போது தொடக்கத்தில் வரும் தணிக்கைச் சான்றிதழைத் தவறவிடாதீர்கள். நீளம் அடியில் இருக்கும். 35 மி.மீ. பேசும் படம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். உலகப் போர்க் காலத்தில் கச்சா ஃபிலிம் தட்டுப்பாட்டால் விதித்த 11,000 அடி வரம்பு என்றால் சுமார் 122 நிமிடம். சான்றிதழில் 16,200 அடி என்று இருந்து உங்கள் முன் ஓடியது 150 நிமிடம் என்றால், 180க்கு 30 நிமிடம் குறைகிறது. ஏதோ ரீல் போயிருக்கிறது, அல்லது மறுவெளியீட்டுக்காகக் குறைத்திருக்கிறார்கள். பிற்காலச் சான்றிதழில் முக்கோணக் குறி இருந்தால் தணிக்கையில் வெட்டு வாங்கிய படம். டைட்டில் கார்டுகளைப் பாட்டுப் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். இரண்டும் முரண்பட்டால் கடைசியாகத் தயாரான டைட்டில் கார்டுக்குச் சற்றுக் கூடுதல் எடை தரலாம், அது மறுவெளியீட்டுக்காக மாற்றியதாக இல்லாதவரை.

இதுவே சரி: ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, நடிப்பு பற்றி எழுதுகிறீர்கள், யூடியூபில் கிடைப்பது பாட்டு வெட்டிய, ஓரம் நறுக்கிய தொலைக்காட்சிப் பிரதி என்று சந்தேகிக்கிறீர்கள். அப்போது போங்கள். கதை தெரிந்துகொள்ள மட்டும் என்றால் புனே வேண்டாம்.

## வீட்டிலிருந்தே

இந்தியாவில் திரைப்படத்தின் பதிப்புரிமை வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 வருஷம். அதனால் பழைய படங்கள் சட்டப்படியே இணையத்தில் கிடைக்கின்றன, இந்தியன்சினி.மா தளம் படங்களைக் குறிப்புகளோடு வைத்திருக்கிறது. இன்டர்நெட் ஆர்கைவில் பாபுராவ் படேலின் ஃபிலிம் இந்தியா இதழ்கள் பல உண்டு. ரங்காச்சாரியார் தலைமையில் 1927-28இல் இயங்கிய இந்தியச் சினிமாட்டோகிராஃப் குழுவின் அறிக்கையும் உண்டு; மௌனப் படக் காலத்துச் சென்னைக் கொட்டகைகள் பற்றித் தேடுகிறவர்கள் அதன் சாட்சியத் தொகுதிகளிலிருந்துதான் தொடங்க வேண்டும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய தமிழ் இதழ்கள் இருக்கின்றன. அதிகம் பேர் பார்க்காத ஒன்று சிங்கப்பூர்த் தேசிய நூலகத்தின் செய்தித்தாள் தளம். தமிழ் முரசின் பழைய தாள்கள் அங்கே இலவசம். மலேயாவில் ஒரு தமிழ்ப் படம் எப்போது திரையிடப்பட்டது என்பதற்குச் சென்னையில் விடை தேட வேண்டியதில்லை.

இங்கே செலவு நேரம். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ‘லை’, ‘னை’, ‘றா’ வடிவங்களைத் தானியங்கி எழுத்துணர்வு கண்டபடி வாசிக்கிறது. தேடுபெட்டியில் ஒன்றும் வரவில்லை என்பதற்கு ‘அந்த இதழில் இல்லை’ என்று பொருள் கொள்ளக் கூடாது. பெயரின் ஒரு துண்டை மட்டும், உதாரணமாக ‘ராஜலட்சுமி’க்குப் பதில் ‘ராஜ’ என்று, தட்டிப் பாருங்கள். பிறகு வெளியான மாதத்தின் இதழ்களைப் பக்கம் பக்கமாகப் புரட்டுங்கள்.

இதுவே சரி: பயணத்துக்கு முன் எப்போதும். பயணத்துக்குப் பதிலாக, சில வேளைகளில்தான்.

## நாலு நாள்தான் இருக்கிறது என்றால்

கிளம்பும் முன் வீட்டில் பிலிம் நியூஸ் ஆனந்தனின் தமிழ்ப் படத் தகவல் தொகுப்பையும் ராஜாத்யக்ஷா, வில்லமென் இருவரின் இந்தியச் சினிமாக் கலைக்களஞ்சியத்தையும் பார்த்து, அவை முரண்படும் இடங்களைப் பட்டியலிடுங்கள். அந்த முரண்பாடுகள்தான் உங்கள் வேலை. முதல் இரண்டு நாள் தரமணி. மூன்றாம் நாள் கன்னிமாரா. அனுமதி முன்பே கையில் இருந்தால் மட்டும் நாலாம் நாள் ஆவணக் காப்பகம். இல்லையென்றால் அந்த நாளையும் தினசரிகளுக்கே கொடுத்துவிடுங்கள். புனே தனிப் பயணம், இந்த நாலு நாளில் சேராது.

ஒவ்வொரு மேசையிலிருந்தும் எழும் முன், பார்த்த பொருளின் கேட்டலாக் எண் அல்லது சுருள் எண், தாளின் நாள், பக்கம், பத்தி, அரசாணை என்றால் துறையும் தேதியும் ஆகியவற்றை எழுதிக்கொள்ளுங்கள். தேடிப் பார்த்தும் கிடைக்காதவற்றையும் அதே பக்கத்தில் தேதியோடு எழுதுங்கள். பென்சில் கொண்டு போங்கள். அரிய நூல்கள் இருக்கும் அறைகளில் பேனாவுக்கு அனுமதி இராது.